பானைக்குள் இன்சுலின்

நம் வயதுக்காரர்கள் வீட்டு ஃபிரிஜ் கதவைத் திறந்து பாருங்கள். முட்டை வைப்பதற்கென்று குழி குழியாக ஒரு தட்டு இருக்கும். மயிலாப்பூரில் பல வீடுகளில் அந்தத் தட்டு முட்டையைக் கண்டதே கிடையாது. ஆனால் அதில் இரண்டு இன்சுலின் குப்பியாவது, பேனாவுக்குப் போடும் கார்ட்ரிட்ஜாவது நிச்சயம் நிற்கும். சர்க்கரை வியாதி அவ்வளவு சகஜமாகிவிட்டது. ஃபிரிஜ்ஜும் அப்படித்தான்.

ஆனால் நம் வீடுகளில் இன்சுலினுக்கு வயது அதிகம், ஃபிரிஜ்ஜுக்குக் குறைவு. ஃபிரிஜ் வருவதற்கு முன்பே ஊசி போட்டுக்கொண்டவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். கத்திரி வெயிலில் அந்த மருந்தை அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள்? இதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மருந்தின் கதை. கனடாவில் டொராண்டோ நகரத்து மருத்துவமனையில் 1922 ஜனவரி 11 அன்று லியனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அந்த முதல் மருந்து அவ்வளவு சுத்தமாக இல்லை, சரியாக வேலை செய்யவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அதை இன்னும் சுத்தம் செய்து கொடுத்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோது பையனின் சர்க்கரை இறங்கியது. அதுவரை இந்த வகைச் சர்க்கரை வியாதி வந்த குழந்தைகளுக்கு அரைப் பட்டினி போட்டு நாட்களைத் தள்ளுவதுதான் வைத்தியம். அடுத்த ஆண்டே பாண்டிங், மக்லியாட் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்து இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தது. பாக்டீரியாவை வைத்துச் செய்த மனித இன்சுலின் 1982ல்தான் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பெங்களூரு பயோகான் நிறுவனம் 2004ல் தன்னுடைய இன்சுலினைக் கொண்டுவந்தது. எதிலிருந்து எடுத்தாலும், எங்கே செய்தாலும், இன்சுலின் ஒரு புரதம். பால் திரிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, புரதம் கெடுவது ஏறக்குறைய அந்த மாதிரி. அதிகச் சூடு பட்டால் கெடும், உறைந்துபோனாலும் கெடும், பிறகு சரிசெய்ய முடியாது. திரிந்த பாலைக் கண்ணால் பார்த்துக் கொட்டிவிடலாம். இன்சுலினில் பாதி வீரியம் போயிருந்தாலும் சில சமயம் தண்ணீர் மாதிரித் தெளிவாகவே இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும். தொல்லையே அதுதான்.

இப்படிப்பட்ட மருந்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. நம் ஊர் வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, ஞாபகம் இருக்கும்.

சென்னையில் சர்க்கரை வைத்தியம் என்றாலே வடசென்னையிலிருந்துதான் தொடங்க வேண்டும். டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் ஆரம்பித்தார். 1954ல் ராயபுரத்தில் இந்த நோய்க்கென்றே தனி மருத்துவமனை தொடங்கினார். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆசாமிகளெல்லாம் பாரிமுனை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று ராயபுரத்துக்குப் படையெடுத்த காலம் அது. அவருடைய மகன் டாக்டர் வி. மோகன் 1991ல் தனியாக மையம் தொடங்கி, அது கோபாலபுரத்தில் நிலைகொண்ட பிறகுதான் தென்சென்னைக்காரர்களுக்கு அலைச்சல் குறைந்தது. நோயும் சும்மா இருக்கவில்லை. 1989ல் நடந்த கணக்கெடுப்பில் சென்னையில் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 8 பேருக்குச் சர்க்கரை. 2004ல் அது 14 ஆகிவிட்டது.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவரிடம் என்னென்ன சாமான் இருந்தது என்று பட்டியல் போட்டால் ஒரு சின்னக் கம்பவுண்டர் அறையே கண்முன் வரும். கண்ணாடி சிரிஞ்ச் ஒன்று, உடைந்தால் மாற்ற இன்னொன்று, எஃகு ஊசிகள் நாலைந்து, இவற்றையெல்லாம் வைக்க மூடி போட்ட ஒரு பெட்டி. சிரிஞ்சையும் ஊசியையும் தண்ணீரில் கொதிக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். கொதித்த தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்து, ஆறவைத்து, பிறகு மருந்தை இழுக்க வேண்டும். சூட்டோடு இழுத்தால் மருந்து போச்சு. தினமும் கொதிக்கவைக்க முடியாதவர்கள் ஸ்பிரிட்டில் மூழ்கவைத்திருப்பார்கள். ஊசி மழுங்கினால் தூக்கி எறிகிற வழக்கம் கிடையாது, சாணைக்கல்லில் தீட்டுவார்கள். துவாரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அதற்குள் ஒரு மெல்லிய கம்பி செருகியிருக்கும்.

சோதனைக்கு பெனடிக்ட் கரைசல். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் கண்டுபிடித்த நீலத் திரவம். சோதனைக்குழாயில் 5 மில்லி கரைசல், அதில் 8 சொட்டு சிறுநீர், ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்தால் நிறம் மாறும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்துவிட்டால் வீட்டில் எல்லோர் முகமும் மாறும். அன்றைக்குப் பாயசம் கிடையாது, அவருக்கு மட்டுமல்ல, பெரும்பாலும் எல்லோருக்கும்தான்.

மருந்துக் குப்பியை எங்கே வைப்பது? அங்கேதான் பானை வருகிறது.

பழைய வீடுகளில் முற்றத்தை ஒட்டியோ கூடத்து மூலையிலோ காற்று வரும் நிழலான இடத்தில் ஆற்று மணலைக் கொட்டி, அதன்மேல் தண்ணீர்ப் பானையை வைத்திருப்பார்கள். மணலும் எப்போதும் ஈரமாக இருக்கும். இன்சுலின் குப்பியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அந்த ஈர மணலில் புதைத்து வைத்தவர்கள் உண்டு. வாய் அகன்ற ஹார்லிக்ஸ் பாட்டிலில் குப்பியைப் போட்டு இறுக்க மூடி, பானைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டவர்களும் உண்டு. குடிக்கிற பானை இல்லை, இதற்கென்று தனியாக ஒரு சின்னப் பானை. குழந்தைகள் யாரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பு இருக்கும்.

இதன் சூட்சுமம் எளிமையானது. மண் பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கொண்டுபோய்விடும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சி. சென்னை கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரப்பசை, அதனால் உள்மாவட்டங்களில் குளிர்கிற அளவுக்கு இங்கே பானை குளிராது. ஆனால் மே மாதத்தில் கடற்காற்று வரத் தாமதமாகி, அனல் பறக்கும் மேற்குக் காற்று அடிக்கிற மதியங்கள் இருக்கின்றனவே, அப்போது காற்று வறண்டிருக்கும். பானை நன்றாக வேலை செய்யும். எந்த நாளில் மருந்துக்கு ஆபத்து அதிகமோ, அந்த நாளில்தான் பானையின் உதவியும் அதிகம்.

ஊருக்குப் போவதென்றால் தெர்மாஸ் பிளாஸ்க். ஐஸ் வாங்கிப் போட்டு, குப்பியைத் துணியில் சுற்றி உள்ளே இறக்குவார்கள். அனுபவசாலிகள் ஐஸை மருந்தின்மேல் நேரடியாகப் பட விடமாட்டார்கள்.

இந்தியாவிலேயே செய்த ஃபிரிஜ்ஜை கோத்ரெஜ் 1958ல் கொண்டுவந்தது. பிறகு ஆல்வின், கெல்வினேட்டர் எல்லாம் வந்தன. ஆனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது வெகுகாலம் எட்டாத பொருள். எங்கள் தெருவில் முதலில் ஒரே ஒரு வீட்டில்தான் ஃபிரிஜ் இருந்தது. அதில் மூன்று குடும்பத்து இன்சுலின் இருந்தது. ஒவ்வொரு குப்பியிலும் பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். எங்கள் பெரியப்பாவுடையது அதில் ஒன்று. காலை ஆறரைக்கு "மாமி, மருந்து" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர்கள் வெளியூர் போகும்போது, சாவியை எங்கள் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், மருந்துக்காகவே.

ஃபிரிஜ் வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். அது புதிதாக ஒரு ஆபத்தையும் கொண்டுவந்தது. ஒற்றைக் கதவு ஃபிரிஜ்ஜில் மேலே ஐஸ் பெட்டி இருக்கும். "குளிர்ச்சியாக இருக்கட்டும்" என்று அதன் பக்கத்திலோ, பின்சுவரில் ஒட்டியோ மருந்தை வைத்தால் உறைந்துவிடும். வெளியில் ஒரு நாள் இருந்த இன்சுலினைப் பெரும்பாலும் பயன்படுத்தலாம். ஒரு தடவை உறைந்ததைப் பயன்படுத்தவே கூடாது, உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் தூரத்தான் போட வேண்டும். ஃபிரிஜ் கதவுத் தட்டு உறைவதற்கு எட்டாத இடம் என்பதால்தான் முட்டைத் தட்டுக்கு இந்த மரியாதை கிடைத்தது. அடிக்கடி கதவைத் திறந்து மூடும் வீடாக இருந்தால் நடுத்தட்டில் முன்பக்கமாக, ஒரு மூடிய டப்பாவில் வைப்பது இன்னும் நல்லது.

இப்போதைய விதி இதுதான். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. பிரித்துப் பயன்படுத்துவதை வெயில் படாமல், 25 அல்லது 30 டிகிரிக்குள் வெளியிலேயே வைக்கலாம், பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள் கணக்கு. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். எழுத்து பொடி, பேரனைப் படிக்கச் சொல்லுங்கள். பிரித்த தேதியைக் குப்பியிலேயே எழுதிவிடுங்கள். சென்னையில் மே மாதத்து அறை 30 டிகிரிக்குள் இருக்காது என்பதால், கோடையில் பிரித்த குப்பியும் ஃபிரிஜ்ஜில் இருப்பதே சரி. போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியில் எடுத்தால் ஊசி எரியாது. பேனாவில் ஊசியை மாட்டியபடியே விட்டுவைத்தால் மருந்து கசியும், உள்ளே காற்றும் புகும்.

பால் மாதிரிக் கலங்கலாக இருக்கும் வகையைக் குலுக்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மத்து கடைவது போல மெதுவாக உருட்ட வேண்டும். கலங்கல் வகையான என்.பி.எச். 1946ல் டென்மார்க்கில் உருவான காலத்திலிருந்து இது மாறவில்லை.

சாமான்களில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் இன்சுலின் 20, 40, 80 என்று பல வீரியத்தில் வந்தது. ஒரு மில்லியில் இத்தனை யூனிட் என்று கணக்கு. குழப்பம் வேண்டாமென்று அமெரிக்கா எழுபதுகளிலும் பிரிட்டன் 1983லும் எல்லாவற்றையும் 100 ஆக்கிக்கொண்டன. நம் நாட்டில் குப்பி மருந்து இன்னும் பெரும்பாலும் 40தான். பேனா கார்ட்ரிட்ஜ் 100. அதனால் இரண்டு வகை சிரிஞ்ச் கிடைக்கின்றன. சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாற்றிப் போட்டால் என்ன ஆகும் பாருங்கள். 40 மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் போவது 8 யூனிட்தான். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. ஆளையே மயக்கத்தில் தள்ளிவிடும். அமெரிக்காவிலிருந்து பிள்ளை அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கும் சிரிஞ்ச் பெட்டியை நம்மூர்க் குப்பியோடு சேர்த்து வைக்காதீர்கள்.

குளுக்கோமீட்டர் பட்டைகளுக்கு எதிரி வேறு. ஆறும் கடலும் சூழ்ந்த அடையாறு, பெசன்ட் நகர் ஈரக்காற்றுதான் அவற்றைக் கெடுக்கும். அந்தச் சின்ன டப்பாவே ஈரத்தை உறிஞ்சும் பொருளோடுதான் வருகிறது. பட்டையை எடுத்ததும் மூடிவிட வேண்டும். பத்துப் பட்டையை எடுத்து வேறு டப்பாவில் மாற்றி வைப்பது, டப்பாவை ஃபிரிஜ்ஜில் வைப்பது, இரண்டும் கூடாது. மாத்திரையும் அப்படியே. குளியலறை அலமாரியும் அடுப்பு மேடையும் அதற்கு ஏற்ற இடம் இல்லை. டயோனில் காலத்திலிருந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள்கூட அதை அடுக்களை ஜன்னலில் வைப்பதைப் பார்க்கிறேன்.

இனி, பானையை ஏன் நினைவுபடுத்தினேன் என்று சொல்கிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் தண்ணீரில். பல இடங்களில் பல நாள் கரண்ட் இல்லை. மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல், மரங்களெல்லாம் கம்பிகளின்மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம். மூன்று தடவையும் நம் வயதுக்காரர்கள் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: "ஃபிரிஜ் ஓடலை, இன்சுலின் என்ன ஆகும்?" பயந்துபோய் நல்ல மருந்தைக் கொட்டியவர்கள் உண்டு. புதிது வாங்க வழியில்லாமல் ஊசியையே நிறுத்தியவர்களும் உண்டு. இந்த இரண்டாவதுதான் பெரிய ஆபத்து.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் செய்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், 32, 37 டிகிரியில் 28 நாள் வைத்த இன்சுலின் 14 முதல் 18 சதவீதம் வீரியம் இழந்தது. அதே சமயம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் டகாஹலே அகதி முகாமை வைத்துச் செய்து 2021ல் வெளியிட்ட ஆய்வில், பகலில் 37, இரவில் 25 என்று ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் வைத்தாலும் வீரியம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 2023ல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, சில வகை மனித இன்சுலினைப் பிரிக்காமல் 25 டிகிரி வரை ஆறு மாதமும், 37 டிகிரி வரை இரண்டு மாதமும் வைக்கலாம் என்றது. ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் நமக்கு வேண்டிய பதில் கிடைக்கிறது. நாலைந்து நாள் கரண்ட் இல்லை என்பதற்காக மருந்தைக் கொட்டவும் வேண்டாம், ஊசியை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் வருஷம் முழுக்க அலட்சியமாக வெயிலில் வைக்கவும் கூடாது. இடைப்பட்ட அந்த நாலைந்து நாளுக்குத்தான் பானை.

கரண்ட் போனால் ஃபிரிஜ் கதவைத் திறக்காமல் விடுங்கள், பல மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேலும் வரவில்லையென்றால் குப்பிகளைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, மண் பானையிலோ, பெரிய பானைக்குள் ஈர மணல் போட்டுச் சின்னப் பானையிலோ வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்று வரும் நிழலில் வையுங்கள். கரண்ட் வந்த பிறகு சில நாள் சர்க்கரையை அடிக்கடி சோதியுங்கள். வழக்கத்துக்கு மாறாக ஏறினால் டாக்டரைக் கேட்டு அந்தக் குப்பியை மாற்றுங்கள். தெளிவான வகை கலங்கியிருந்தாலோ, கலங்கல் வகையில் கட்டி தட்டியிருந்தாலோ யோசிக்காமல் தூரப் போடுங்கள்.

போட்ட ஊசியைக் குப்பைப் பையில் அப்படியே எறியாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, மூடி, தனியாகக் கொடுங்கள். 2016ன் திடக்கழிவு விதிகளில் ஊசியும் சிரிஞ்சும் வீட்டு அபாயக் கழிவு என்றுதான் வந்தது. பெரியப்பாவின் எஃகு ஊசி வருஷக்கணக்கில் உழைத்தது, இப்போதைய ஊசி மாதக்கணக்கில் குவிகிறது. குத்துப்படுவது அதை அள்ளுகிறவர் கை.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து இதைச் செய்துவிடுங்கள்: இரண்டு வாரத்துக்கான மருந்தும் சிரிஞ்சும் கையிருப்பு, சிரிஞ்ச் மூடியின் நிறம் சரிதானா என்று ஒரு பார்வை, மாட வீதிக் கடையிலோ குயவரிடமோ வாங்கிய சின்னப் பானை ஒன்று. பிறகு வீட்டில் இருக்கும் மருமகளையோ பேரனையோ கூப்பிட்டு, மருந்து எங்கே இருக்கிறது, கரண்ட் போனால் அதை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிவையுங்கள். மழை நாளில் நமக்கே தலைசுற்றல் வந்து படுத்திருந்தால், பானையைத் தேடப்போவது அவர்கள்தான்.